உள்பாவாடைக்கு ஊரெல்லாம் ஆலோசனை

கருத்துச் சொல்பவர்களைப் பற்றி உலகத்தில் ஏகப்பட்ட புகார் உண்டு. கேட்காமலே சொல்வார்கள், போதும் என்றாலும் சொல்வார்கள், கதவைச் சாத்திய பிறகு ஜன்னல் வழியாகவும் சொல்வார்கள். போகட்டும். அவர்களாவது கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து. தூரத்தில் வரும்போதே தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடலாம். அவர்களைவிடச் சாதுவான, சிரித்த முகமுள்ள, நன்றி சொல்லத் தெரிந்த இன்னோர் இனம் இருக்கிறது. கருத்துக் கேட்பவர்கள்.

இவர்களை முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு இனம், பரிதாபமான இனம். கருத்துக் கேட்பவர் என்றோ முடிவெடுத்திருப்பார். இருந்தாலும் உங்களிடம் வருவார். இரண்டு துணித்துண்டுகளை உங்கள் கையில் கொடுத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ‘நீங்க சொன்னா சரியா இருக்கும்’ என்பார். உங்கள் அறிவை மதித்த முதல் மனிதரைக் கண்டுவிட்ட பூரிப்பில், நீங்களும் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தூரத்தில் வைத்துப் பார்த்து, காரண காரியத்தோடு ஒரு பதில் சொல்வீர்கள். குறுக்கே பேசாமல் கேட்பார். ‘ரொம்பச் சரி’ என்பார். பிறகு மூச்சை ஒருமுறை உள்ளே இழுப்பார். அந்த மூச்சைத் தொடர்ந்து ஓர் ‘ஆனா’ வரும்.

அவ்வளவுதான். உங்கள் கருத்தை எடுத்து அடக்கம் செய்துவிடலாம்.

இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி என்று அமெரிக்காவின் மினசோட்டாவில் வாழும் மார்லிஸ் ஓகார்டைச் சொல்லவேண்டும். வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடப் பேருந்துகள் எங்கே எப்போது நிற்கவேண்டும் என்று வயர்லெஸ்ஸில் கட்டளையிடும் உத்தியோகம். பனிப்புயலில் முப்பத்தோரு பேருந்துகளை யாரையும் கேட்காமல் திருப்பிவிட்டவள். அப்படிப்பட்டவளுக்கு உள்பாவாடை வாங்கவேண்டிய காலம் வந்தது. ஊரே ஆலோசனைக் குழுவாயிற்று.

உள்பாவாடை எதற்கு என்று சொல்லவேண்டும். அங்கே கோடை முடிகிற சமயத்தில் ஏழு சனி, ஞாயிறுகள் மறுமலர்ச்சிக் காலத் திருவிழா நடக்கும். சோளக்காட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே மரத்தால் ஒரு பழைய ஐரோப்பிய ஊரை எழுப்பி, காப்பீடு விற்பவர்களும் பல் வைத்தியர்களும் வாளைச் செருகிக்கொண்டு பிரபுக்களாக உலவுவார்கள். மற்றவர்கள் காசு கொடுத்து உள்ளே வந்து, வான்கோழிக் காலைக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டு அவர்களை வேடிக்கை பார்ப்பார்கள். மார்லிஸ் அங்கே ஒன்பது வருடமாக வண்ணாத்தி வேஷம் கட்டிவந்தாள். பெரிய தொட்டி அருகே நின்று, ஈரச் சட்டையைக் கல்லில் அறைந்து, போகிற வருகிற பிரபுக்களின் அழுக்கைப் பற்றி உரக்கக் கேலி பேசுவதுதான் வேஷம். இந்த வருடம், பெரிய சீமாட்டியாக நடித்துவந்த அம்மாள் மூட்டுவலியோடு அரிசோனாவுக்குக் குடிபெயர்ந்துவிடவே, மார்லிஸுக்குப் பதவி உயர்வு. மத்தியான ஊர்வலத்தில் ராணிக்கு ஓரடி பின்னால் நடக்கவேண்டும். குதிரை வீரர்களின் ஈட்டிப் போட்டியின்போது ராணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டை அசைக்கவேண்டும்.

கவுனைத் தைத்தவள் டார்சி நோவாக். பகலில் பல் வைத்தியரிடம் வரவேற்பு மேஜை வேலை. சாயங்காலத்தில் திருவிழாக்காரர்கள் பாதிப்பேருக்குத் தையல். தனியாக இருப்பவள், அதிகம் பேசாதவள். மார்லிஸுக்காகவே கரும்பச்சை வெல்வெட் தேடிப் பிடித்து, மார்பில் பித்தளை மணி கோத்து, கைப்பகுதியை நெடுகக் கீறி உள்ளேயிருந்து வெள்ளைத் துணி பிதுங்கும்படி இழுத்து, பதினைந்து வருடத்தில் தான் தைத்ததிலேயே இதுதான் நல்லது என்று அவள் மனத்துக்குள் சொல்லிக்கொண்ட கவுன் அது. மே மாதம் எல்லாம் தயார். கீழ் ஓரம் மட்டும் பாக்கி.

அந்தக் கீழ் ஓரத்தில்தான் விஷயமே இருக்கிறது. உள்ளே என்ன உடுத்தப்போகிறோம் என்று தெரியாமல் இந்தக் கவுன்களுக்கு ஓரம் அடிக்கமுடியாது. உள்பாவாடை உப்பினால் கவுன் மேலே ஏறும். தணிந்தால் தரையில் புரளும். முதலில் உள்ளே உள்ளது, பிறகு வெளியே உள்ளது.

மே மாதத்து முதல் வியாழக்கிழமை சாயங்காலம், மேலே உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் தட்டோடு டார்சியின் நிலவறைத் தையலறைக்கு வந்தாள் மார்லிஸ். உள்பாவாடையில் எது நல்லது என்று கேட்டாள். டார்சி வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி, தரையில் மண்டியிட்டபடி, நிமிராமல் பதில் சொன்னாள். பருத்தியில் இரண்டு. அடியில் இருப்பதற்கு முழங்காலுக்குக் கீழே அகலமாகச் சுருக்கு வைத்த துணி. இடுப்பில், பாவாடை சற்றுத் தள்ளி விழ, பிறை வடிவத்தில் பஞ்சு அடைத்த சின்னத் திண்டு ஒன்று. போதும். மண் தரை, வைக்கோல் கட்டு, வெயில், நகர்த்தி வைக்கிற பிளாஸ்டிக் கழிப்பறை எல்லாவற்றுக்கும் தாக்குப்பிடிக்கும்.

“ரொம்பச் சரி,” என்றாள் மார்லிஸ். மூச்சை இழுத்தாள். “ஆனா, சீமாட்டின்னா கொஞ்சம் நெறைவா இருக்க வேண்டாமா?”

அடுத்த வியாழன் எஃகு வளையம் கோத்த பாவாடையோடு வந்தாள். டார்சி அதற்கேற்றபடி ஓரத்தை இறக்கிக் குண்டூசி குத்தினாள். அதற்கடுத்த வியாழன், வளையம் மணியாட்டம் ஆடுகிறது என்று அடுக்கடுக்காக வலைத்துணி தைத்த பாவாடை வந்தது. ஓரம் ஏறியது. பிறகு வலைத்துணி காலைச் சொறிகிறது என்று வெறும் திண்டு, ஆனால் தலையணை அளவில். ஓரம் பின்பக்கம் இறங்கி முன்பக்கம் ஏறியது. வெல்வெட்டில் ஒரு முறை குண்டூசி குத்தினால் தழும்பு தெரியும். டார்சி ஏழு முறை குத்தினாள்.

இதற்கிடையில் கேட்கப்பட்டவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. முதலில் கணவர் வெர்ன். ஓய்வு பெற்றவர், ஏரியில் மீன் பிடிப்பவர். அவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே நல்லா இருக்கு என்று சொல்லிவிடுகிற வழக்கமுள்ளவர் என்பதால் அந்தக் கருத்து கணக்கில் சேரவில்லை. பாஸ்டரிடம், ஞாயிறு ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது கேட்டாள். அவர் எளிமையைப் பற்றி அழகாகச் சொன்னார், ‘ஆனா’ வந்தது. துணிக்கடைப் பெண்ணிடம் கேட்டாள். திருவிழாவில் கண்ணாடிப் பொம்மை ஊதுபவரிடம் கேட்டாள். அவர், தன் கடை வாசலில் எது மோதாதோ அது நல்லது என்றார். பதினான்காம் தடப் பேருந்து ஓட்டுநரை ரயில்வே கேட்டில் நிற்கும்போது வயர்லெஸ்ஸில் பிடித்துக் கேட்டாள். அவர் வலைத்துணி என்று சொல்ல, இருபத்திரண்டாம் தடத்துக்காரர் குறுக்கே புகுந்து வளையம் என்று சொல்ல, ரயில் போய் நான்கு நிமிடமாகியும் கேட்டில் வண்டி நகரவில்லை. பல் வைத்தியரிடம், வாயைத் திறந்து வைத்திருந்த நிலையிலேயே கேட்டாள். வரவேற்பு மேஜையிலிருந்து டார்சிக்கு அது காதில் விழுந்தது. இணையத்தில் ஒரு குழுவில் போய்க் கேட்டதில் இருநூற்றுப் பன்னிரண்டு பதில்கள் வந்தன. இரண்டு பேர் நிரந்தரமாகப் பகைத்துக்கொண்டார்கள். மார்லிஸ் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நன்றி சொன்னாள்.

ஒவ்வொரு வியாழனும் இத்தனை கருத்தையும் சுமந்துகொண்டு நிலவறைப் படியிறங்கி வருவாள். யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில், “நீ என்ன நெனக்கிற, டார்சி?” என்பாள். டார்சி குண்டூசிகளுக்கு நடுவே, பருத்தி இரண்டு, சின்னத் திண்டு என்பாள். மார்லிஸ் ரொம்பச் சரி என்பாள். பிறகு மூச்சை இழுப்பாள்.

இப்படிப்பட்டவரிடம் என்ன செய்வீர்கள் நீங்கள்? சண்டை போடுவீர்கள். நம் ஊரில் அது நல்ல வழி. மினசோட்டாக்காரர்களுக்கு அது முடியாது. அங்கே ஒருவருக்கு உங்கள் சமையல் வாயில் வைக்கமுடியாமல் இருந்தால் ‘வித்தியாசமா இருக்கு’ என்பார். உங்கள் வீடு தீப்பற்றி எரிந்தாலும், தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்று ஆரம்பித்துத்தான் தகவல் சொல்வார். ஆகவே டார்சி சண்டை போடவில்லை. சூழ்ச்சி செய்தாள்.

ஆகஸ்ட் முதல் வியாழன். திருவிழா திறக்க மூன்று வாரம்கூட இல்லை. பத்துப் பேருடைய உடுப்பு மேஜையில் பாதியில் கிடந்தது. மார்லிஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். டார்சி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். எழுந்து நின்றாள். மார்லிஸின் முகத்தை நேராகப் பார்த்தாள். நிறைய யோசித்ததாகவும், தான் இதுவரை சொன்னது தப்பு என்றும் சொன்னாள்.

“எல்லாத்தயும் கட்டிக்கோ. அடியில வளையம், அது மேல வலைத்துணி, அது மேல பருத்தி ரெண்டும். இடுப்புக்கு அந்தப் பெரிய திண்டு. ஒண்ணும் விடாத.”

சொல்லிவிட்டு ‘ஆனா’வுக்காகக் காத்திருந்தாள். ‘ஆனா’ வரும், எல்லாம் வேண்டாம் என்று இவளே வாதாடுவாள், வாதாடி வாதாடித் தானாகவே பருத்தியில் வந்து நிற்பாள், ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஓரம் அடித்துவிடலாம். இதுதான் கணக்கு.

மார்லிஸின் கண்ணில் லேசாக நீர் கோத்துக்கொண்டது.

“நீ சொன்னா சரி,” என்றாள்.

ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவருடைய ஆலோசனையை அவள் ஏற்றுக்கொண்டாள். அதற்கு அந்த நாளையா தேர்ந்தெடுக்கவேண்டும்?

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். டார்சி வாயைத் திறந்தாள். அதற்குள் மார்லிஸ் அவளைக் கட்டிப்பிடித்து, நன்றி சொல்லி, வாசலில் நின்று அரைமணி நேரம் விடைபெற்று, போய்விட்டாள். பிறகு பத்து நாள் டார்சிக்குத் தூக்கம் சரியில்லை. அத்தனை அடுக்குக்கு மேலே விழ அந்தக் கவுன் போதாது. தன் கையால் தைத்த தையலைத் தானே பிரித்து, இரண்டு பக்கமும் வெல்வெட் பட்டை கொடுத்து அகலப்படுத்தினாள். கீழே ஒரு சாண் துணி ஒட்டுப் போட்டாள். ஒவ்வொரு தையலைப் பிரிக்கும்போதும் யாரோ தன் பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. அந்த வலி எப்படி இருக்கும் என்று அறிந்த இடத்தில்தான் அவளுக்கு வேலை.

திறப்பு நாள் சனிக்கிழமை. வெயில் ஃபாரன்ஹீட் கணக்கில் தொண்ணூற்றிரண்டு டிகிரி. மார்லிஸ் காரில் நுழையவில்லை. வெர்னின் வண்டியிலும் நுழையவில்லை. கடைசியில் ஈட்டிப் போட்டிக்காரர்களின் குதிரை ஏற்றும் வண்டியில், ஒரு சாம்பல் குதிரைக்குப் பக்கத்தில் நின்றபடி வந்து இறங்கினாள். குதிரை ஒதுங்கி இடம் விட்டதாகச் சொன்னார்கள்.

ராணியாக நடிப்பவள், மற்ற நாட்களில் வீடு விற்றுக் கொடுப்பவள், மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரொம்ப வித்தியாசமா இருக்கு என்றாள். ஊர்வலம் புறப்பட்டது. பாதையில் பாதியை மார்லிஸ் எடுத்துக்கொண்டதால், பின்னால் வரவேண்டிய நான்கு பிரபுக்கள் ஒற்றை வரிசையில் வந்தார்கள். கண்ணாடி ஊதுபவர் இரண்டு கையையும் விரித்துத் தன் கடைக்குக் குறுக்கே நின்றார். ஆனால் ஜனங்கள் கைதட்டினார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். முகமெல்லாம் சிவந்து, வேர்வை வழிய, மார்லிஸ் இடமும் வலமும் தலையசைத்துக்கொண்டு ஒரு பெரிய பச்சைக் கோபுரம் நகர்வதைப்போல நகர்ந்தாள்.

ஈட்டிப் போட்டியில்தான் சிக்கல். நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தது. மெள்ள உட்காரப் பார்த்தபோது பின்பக்கம் அமுங்கி, வளையம் முன்பக்கமாக எழும்பி, சீமாட்டி மூக்கு வரை மறைந்துபோனாள். உடனே எழுந்துகொண்டாள். நிற்பதுதான் தன் குல வழக்கம் என்று ராணிக்கு உரக்க விளக்கம் சொல்லிவிட்டு, நின்றபடியே கைக்குட்டை அசைத்தாள். போட்டி இரண்டு மணி நேரம். யாரோ எலுமிச்சை ரசம் நீட்டினார்கள், வேண்டாம் என்றாள். இன்னொருவர் தண்ணீர் நீட்டினார், அதுவும் வேண்டாம். கூட்டத்தில் நின்றிருந்த டார்சிக்குக் காரணம் புரிந்தது. குடித்தால் போகவேண்டிவரும். போனால் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நுழையமுடியாது.

மூன்றாவது ஜோடிக் குதிரைகள் ஓடும்போது மார்லிஸின் கைக்குட்டை தணிந்தது. முகத்துச் சிவப்பு வடிந்து வெளுத்தது. டார்சி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். மேடையேறி, சீமாட்டிக்கு அவசர ஓலை வந்திருக்கிறது என்று ராணியிடம் ஏதோ உளறி, தோளைப் பிடித்து அவளை இறக்கி, வண்ணாத்திகளின் தொட்டிக்குப் பின்னால் இருந்த தட்டிமறைவுக்கு நடத்திக்கொண்டு போனாள். கவுனைத் தூக்கிப் பிடித்து, மண்டியிட்டு, நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். திண்டு விழுந்தது. வலைத்துணி விழுந்தது. எஃகு வளையம் ணங் என்று தரையில் அமர்ந்தது. மார்லிஸ் பருத்தியோடு வைக்கோல் கட்டில் உட்கார்ந்து, ஒரு குவளைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அப்புறம் இன்னொன்று.

டார்சி எழுந்திருக்கவில்லை. வளையத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“மார்லிஸ், அன்னிக்கி நான் நெஜமா சொல்லல. நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு நெனச்சுத்தான் அப்படிச் சொன்னேன்.”

“தெரியும்.”

“எப்பத் தெரிஞ்சது?”

“நீ சொல்லி முடிக்கறதுக்கு முன்னாலயே. ஒம்போது வருஷம் இதே எடத்துல துணி தொவச்சவடி நான். இந்த வளையத்தோட எங்க நுழைய முடியும், எங்க நுழைய முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் சரின்னு சொன்ன?”

மார்லிஸ் குவளையின் அடியைப் பார்த்தாள். “மே மாசத்துலேருந்து என்ன கேட்டாலும் குண்டூசியப் பாத்துக்கிட்டேதான் பதில் சொன்ன. அன்னிக்கித்தான் எந்திரிச்சு என் மூஞ்சியப் பாத்து சொன்ன. பொய்யின்னாலும் பரவால்லன்னு இருந்துச்சு.”

டார்சி வளையத்தை ஓரமாகத் தள்ளிவைத்தாள். கொஞ்சம் கோபமும் வந்தது. பருத்தி இரண்டு போதும் என்று மே மாதமே சொன்னேனே, அது சரி என்று உனக்கும் தெரியும் அல்லவா, அன்றைக்கே ஒப்புக்கொண்டால் என்ன என்று கேட்டாள்.

“ஒத்துக்கிட்டிருந்தா அன்னிக்கே ஓரம் அடிச்சு, மடிச்சு, கையில குடுத்து அனுப்பியிருப்ப. அப்புறம் வியாழக்கெழமை நான் எங்க போவேன்? வெர்ன்கிட்ட மீனப் பத்திப் பேசறதா?”

அந்தச் சமயம் பார்த்து ஈட்டி ஒன்று முறிகிற சத்தமும் கூட்டத்தின் ஆரவாரமும் கேட்டன. இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு மார்லிஸ் கழிப்பறைக்குப் போனாள். சீமாட்டிக்குரிய நடையில்லை அது.

மறுநாள் காலை வாயில் திறப்பதற்கு முன்பே டார்சி தையல் பெட்டியோடு வந்துவிட்டாள். பக்கப் பட்டைகளைப் பிரிக்க நேரமில்லை; உள்பக்கமாக மடித்துப் பிடித்தாள். ஒட்டுப்போட்ட ஒரு சாணை வெட்டி எடுத்தாள். பருத்தி இரண்டு, சின்னத் திண்டு. தரைக்கு மேலே இரண்டு விரற்கடை விட்டு ஓரம் அடித்தாள். வெல்வெட்டில் ஏழு வரிசைக் குண்டூசித் தழும்பு தெரிந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் அதை வேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். சீமாட்டி நடந்தாள், உட்கார்ந்தாள், எலுமிச்சை ரசம் இரண்டு குவளை குடித்தாள். ஜனங்கள் கைதட்டவில்லை. நேற்றைய பெரிய சீமாட்டி எங்கே என்று இரண்டொருவர் விசாரித்தார்கள். அதற்காக மார்லிஸ் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வியாழக்கிழமை வழக்கம்போல வருகிறேன், கையுறை விஷயமாக ஒன்று கேட்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

சுபம் என்று எழுந்து போய்விடாதீர்கள். டார்சிக்கு ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டது. தான் செய்தது தப்பா, இல்லையா? திங்கட்கிழமை பல் வைத்தியரிடம் கேட்டாள். தப்பில்லை என்றார், அவர் சொன்ன காரணம் அவளுக்கு ஒப்பவில்லை. பஞ்சு வைத்த வாயோடு காத்திருந்த நோயாளி ஒருவரிடம் கேட்டாள். அவர் தலையை ஆட்டியதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாஸ்டரிடம் கேட்டாள், அவர் தப்பு என்றார், அது கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றியது. துணிக்கடைப் பெண்ணிடம் கேட்டாள், கண்ணாடி ஊதுபவரிடம் கேட்டாள். வெளியூரில் இருக்கும் தன் மகளுக்குத் தொலைபேசியில் முழுக்கதையையும் சொல்லிக் கேட்டபோது, இதோடு மூன்றாவது முறை என்றாள் மகள். எல்லாருக்கும் டார்சி நன்றி சொன்னாள். புதன்கிழமைக்குள் பதினேழு பேர்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இருக்கட்டும், சொல்லவேண்டாம். நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பதும், உங்களுக்குத் தெரிந்த அத்தையையோ மைத்துனரையோ நினைத்துக்கொண்டிருப்பதும் தெரிகிறது. கூடவே, லேசாக, நாமும் அப்படித்தானோ என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்திருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த நினைப்பை அங்கேயே உட்காரவைத்து, தனியாக, நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

பக்கத்தில் இருப்பவரை ஏன் திரும்பிப் பார்க்கிறீர்கள்?